மூட்டையைப் பிடித்த கோல்கீப்பர்

என் வீட்டுக்காரர் இரண்டாம் டிவிஷன் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர். "உனக்கென்னம்மா, ஆட்டக்காரர் பொண்டாட்டி" என்று பசுந்தாங் சந்தையில் காய்காரிகூடச் சொல்லுவாள். மழைக்காலத்தில் ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை என்பது அவளுக்கு எங்கே தெரியும்? வேறு வேலைக்கும் போகக் கூடாதாம், கிளப்பின் கௌரவம் கெட்டுவிடுமாம். அந்தக் கௌரவத்தை உலையில் போட்டா நான் பொங்குவேன்?

அந்த மாதங்களில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருப்பார். டிவியில் ஆட்டம் வந்தால் அணைத்துவிடுவார். "கூட ஆடினவன்லாம் மேல போயிட்டான், நான் இங்கயே கிடக்கேன்" என்று ஒருநாள் சொன்னார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கடைசியில், இங்கே பர்மாவில் எல்லாரும் பூசுகிற தனக்கா மரப்பட்டைச் சாந்தை முகமெல்லாம் அப்பிக்கொண்டு, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போட்டாதாங் படகுத்துறைக்கு மூட்டை தூக்கப் போனார். அடையாளம் தெரியாது என்று நினைப்பு.

லாரி மேலிருந்து ஒரு வெங்காய மூட்டை சரிந்தது. கீழே ஒரு கிழவர் குனிந்திருந்தார். இவர் பக்கவாட்டில் பாய்ந்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். பழக்கம் விடுமா? அங்கே படகை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் கிளப்பின் ரசிகன். அந்தப் பாய்ச்சலிலேயே ஆளைக் கண்டுபிடித்து, "எங்கள் கோல்கீப்பர்!" என்று பெருமையாக ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். பாவி, நல்லதுதான் நினைத்தான்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். பேச்செல்லாம் பர்மியத்தில்.

"கிளப்புக்கு அசிங்கம். ஒப்பந்தத்தைக் கிழிச்சிடலாமா?"

"கிழிங்க சயா. எங்க வயிறு கிழிஞ்சது தெரியலை, பேப்பர் கிழியறதுதான் தெரியுதா?" என்றேன் நான்.

இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். உடற்பயிற்சிக்காகத்தான் மூட்டை தூக்கினேன் என்று வீடியோவில் சொன்னால் விட்டுவிடுவதாக மேனேஜர் சொன்னார். இவர் கிளப் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்றார், சிரித்தார், சொன்னார். "மழைக்காலத்துலயும் கிளப் எங்களுக்குச் சம்பளம் குடுத்து நல்லா பாத்துக்குது" என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதை யாருமே சொல்லச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "வெக்கமா இல்லை உங்களுக்கு? யாருக்காக அந்தப் பொய்?"

"அடுத்த சீசன் கோல்ல நிக்கணும்ல" என்றார். "வேற என்னடி தெரியும் எனக்கு?"

எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

இரண்டு நாளில் தின்கன்ஜூனிலிருந்து அக்கா போன் செய்தாள். மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அரிசி கொடுப்பவள் அவள்தான்.

"வீடியோ பாத்தேன். மழைக்காலத்துலயும் சம்பளம் வருதாமே? வரலைன்னு எங்கிட்ட அழுது அழுது அரிசி வாங்கிட்டுப் போனியேடி! எல்லாம் பொய்யா?"

அவளுக்கு வாய் நிற்காது. உண்மையைச் சொன்னால் ஊரெல்லாம் பரவி, கிளப்புக்கும் போய்விடும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா, நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.