மிக்கேல் அண்ணாச்சி ஜெயித்த விருது

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். விருது அறிவிக்கும் காலைக்கு முன்னாலேயே மிக்கேல் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிடுவார், ஆனால் இந்த வருஷம் அவர் சொன்ன ஆளுக்குத்தான் விருது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னவன் வண்ணார்பேட்டையிலேயே நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் என் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை காலை டீக்கடை காதர் பாய் போன் பண்ணி, "சுப்பையா, மிக்கேல் போயிட்டாருவே" என்றபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயைக் கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்று இங்கே குடிவந்தவர் என்று அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அவர் உயிர் இருந்தது நியூயார்க்கில், பிராட்வே என்கிற நாடகத் தெருவில். மகள் செல்வி அந்தப் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அவள் பேறுகாலத்துக்குத் துணையாகப் போன அண்ணாச்சியை ஒருநாள் பாட்டு நாடகம் பார்க்கக் கூட்டிப்போனாள். நம் பக்கம் கோயில் கொடைத் திருவிழா நாடகத்தில் ஒருவன் நன்றாகப் பாடினால் மேடையேறி அவன் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்திவிட்டு வருவோம், மைக்கில் நம் பெயரைச் சொல்வார்கள். அண்ணாச்சி அங்கேயும் அதைத்தான் செய்யப் போனார். ஒரு பெண் தனியாக நின்று உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது, டாலர் நோட்டும் ஊக்குமாக எழுந்து நடந்து மேடைக்குக் கீழே போய் நின்றுவிட்டார். கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். உடனே அந்தப் பெண் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கிவந்து, தோளைக் காட்டிக் குத்தச் சொன்னாள். கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. செல்வியிடம் கேட்டால், "இல்ல மாமா, அப்பாவ வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்பாள். வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தவளுக்கு என்ன தெரியும்?

ஊர் திரும்பிய பிறகு செல்வி அந்த நாடகங்களின் துண்டுப் படங்களைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். அண்ணாச்சி சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். இங்கிலீஷ் தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வசனம் புரிஞ்சா வசனத்துல மயங்கிருவோம்லே. எனக்குப் புரியல, அதனால நடிப்ப மட்டும் பாக்கேன்" என்றார். ராஜா வேஷம் கட்டிய பெரிய நடிகர் ஒருவரை, எதிரே நிற்பவனைப் பார்க்காமல் சனத்தையே பார்க்கிறான் என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். கூட்டமாக ஆடும் ஒரு காட்சியில் கடைசி வரிசைப் பெண்ணைக் காட்டி, "அவள யாரும் பாக்கலன்னு அவளுக்குத் தெரியும்லே. ஆனாலும் ஆடுதா பாரு" என்றார்.

அந்த நாடகத் தெருவில் நன்றாக நடித்தவர்களுக்கு வருஷாவருஷம் கொடுக்கிற விருது, அந்த வருஷம் ராஜா வேஷக்காரருக்குத்தான் கிடைத்தது. எல்லா வருஷமும் இதே கதைதான். அண்ணாச்சி யாரைச் சொல்கிறாரோ அவரை விட்டுவிட்டு எதிராளியைச் சொல்வது காதர் பாயின் வழக்கம். அவர் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்தான் ஜெயிப்பார். "அண்ணாச்சி, நீரு பேரச் சொன்னாலே அந்த ஆளுக்கு ராசி போயிருதுவே. அமெரிக்காக்காரனுக்குத் தெரிஞ்சா உம்ம மேல கேஸ் போட்டுருவான்" என்பார். கடையே சிரிக்கும், அண்ணாச்சியும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒருநாள் வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவ சரியாச் சொல்லிட்டாப் போதும்லே. இல்லன்னா நான் பாத்ததெல்லாம் பார்வையே இல்லன்னு ஆயிரும்."

இந்த வருஷம் சிறந்த நடிகைக்கான போட்டியில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். ஒருத்தி பலமுறை போட்டிக்கு வந்தும் வெறுங்கையோடு திரும்பிய வயசாளி, இன்னொருத்தி புதுப்பெண். அண்ணாச்சி மாதம் பூராவும் புதுப்பெண் பக்கம் நின்றார், காதர் பாய் வழக்கம்போல் எதிர்ப்பக்கம். அதற்குள் அண்ணாச்சிக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நானும் காதர் பாயும் போய், இரண்டு பேருடைய படத்தையும் போட்டுக் காட்டினோம். அண்ணாச்சி மூக்கில் மாட்டியிருந்ததை விலக்கிவிட்டு, "ஏலே, மாத்திக்கிடுதேன். கெழவிக்குத்தான். பாட்டுக்கு முந்தி அவ மூச்சு வாங்குத எடத்தப் பாரு" என்றார்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. அவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம் என்றால் நமக்குத் திங்கள் காலை. டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலில் சாய்த்துவைத்த போனை அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தோம். உறையைப் பிரித்தார்கள், வயசாளியின் பெயரை வாசித்தார்கள். நான் பெஞ்சு மேலே ஏறி, அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். கூட்டம் என்னை நம்பாமல் காதர் பாயைப் பார்த்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஆமாவே, நானும் பக்கத்துலதான நின்னேன். மாத்திட்டாரு. நாந்தான் தோத்தேன்" என்றார். அவ்வளவுதான், கடை இரண்டுபட்டது. ஆளுக்கொரு டீ, சும்மா. நான் போட்ட சரவெடியில் சீவலப்பேரி டவுன் பஸ் நின்று, பயணிகள் எல்லோரும் இறங்கி என்ன விசேஷம் என்று கேட்டு, அண்ணாச்சியை வாழ்த்திவிட்டுத்தான் ஏறினார்கள்.

இப்போது நானும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் எதையும் பார்க்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது, விழட்டும். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்வையை. கடைசி வரிசையில் ஆடுபவள் இப்போது என் கண்ணுக்கும் தெரிகிறாள்.

ஒன்றை மட்டும் காதர் பாய் தானாகச் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் எதையும் மாற்றவில்லை. இரண்டு படத்தையும் கடைசிவரை பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளதாம்லே" என்றுதான் சொன்னார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் காதர் பாய் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.