மேற்குச் சுவருக்கு என்ன பூசுவது

எங்கள் வீட்டின் மற்ற மூன்று சுவர்களும் யாருக்கும் தொல்லை தந்ததில்லை. எல்லாம் அந்த மேற்குச் சுவரால்தான். ஆனி, ஆடி மழை மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளியில் நேராகப் பெய்யாது, சாய்ந்து அடிக்கும். சிமெண்டுப் பூச்சில் மயிரிழை போல வெடிப்புகள். அதன் வழியே இறங்கும் தண்ணீர் உள்ளே படுக்கையறைச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஊறி நிற்கும். கோடையிலும் அந்தப் பூஞ்சை வாசம் போகாது.

பல வருடம் அதைப் பொறுத்துக்கொண்டோம். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சித்திரையில் தெரிந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஐப்பசியில் பிரசவம். குளியலறையை ஒட்டிய அறை அந்தப் படுக்கையறை ஒன்றுதான். அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு, ஈர வாசம் பட்டால் மூச்சில் விசில் அடிக்கும். பழத்தட்டோடு வந்த சம்பந்தியம்மா அந்த அறைக்குள் போய் மூக்கைச் சுளித்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: "இந்த வாசத்துல புள்ளைய எப்படிங்க படுக்க வெக்கறது? செவுரு காயலீன்னா பிரசவத்த பொள்ளாச்சிலயே நம்மூட்டுல பாத்துக்கலாமுங்க."

அன்று என் மனைவி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வராவிட்டால் அவள் யார் முகத்தில் விழிப்பாள்?

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. மனைவியின் அண்ணன், என் மச்சான், சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டச் சொன்னார். மறுநாள் ரப்பர் மாதிரி இழுபடும் கோட்டிங்தான் நல்லது என்றார். "யானை வந்து ஒரசுனாலும் ஒண்ணும் ஆகாதுங்க மாப்ளே!" எங்கள் வீட்டுச் சுவரில் யானை எதற்கு உரசப்போகிறது? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மனைவிக்கு நிறம் ஒன்றே கவலை. மாம்பழ மஞ்சள்.

பக்கத்து டவுன் சித்தூரில் பெயிண்ட் கடைக்குத் தனியாகப் போனேன். உள்ளே குளிர்ந்த காற்று, பளபளக்கும் தரை, என் காலில் வயல் சேறு. பக்கத்தில் இரண்டு பேர் நிறப் புத்தகத்தைப் புரட்டி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடைக்காரர் மலையாளம் கலந்து கேட்டார்: "சேட்டா, சுவரில் இப்போ உள்ளது எந்தா? எமல்ஷனா, சிமெண்ட் பெயிண்டா?"

இரண்டும் இல்லை. எங்கள் சுவரில் இருந்தது சுண்ணாம்பு. மாரியம்மன் நோம்பிக்கு முன் வருடம் தவறாமல் நானே அடிப்பேன். நோம்பிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பழையதைச் சுரண்ட யாருக்கு நேரம் இருக்கிறது? எங்கள் பக்கத்தில் எல்லோரும் பழசின் மேலேயே அடிப்பார்கள். கல்யாணமான வருடத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. அந்த இரண்டு பேர் முன்னால் சுண்ணாம்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"சிமெண்ட் பெயிண்டுங்க" என்றேன்.

அவர் அதற்குத் தக்கதைக் கொடுத்தார். வெள்ளையடித்துப் பழகிய கை என்பதால் வைகாசியில் நானே அடித்தேன். மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்தே குறை சொன்னார். சுவர் மணப்பெண் போல நின்றது.

ஆனியில் மூன்றாவது மழைக்கு அது அங்கங்கே கொப்புளம் போட்டது. ஒரு கொப்புளத்தைக் கிள்ளி இழுத்தேன். கல்லிலிருந்து தோசை வருவதுபோல முழுசாக உரிந்து வந்தது. அதன் பின்பக்கம் முழுக்க வெள்ளை.

மச்சான் கொதித்துப்போனார். உரிந்ததைப் பாய் போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையும் கடைக்கு இழுத்துப்போனார். கண்ணாடி மேசைமேல் விரித்தார். "இதாங்க உங்க பெயிண்டோட லட்சணம்!"

கடைக்காரர் அதைத் திருப்பிப் போட்டு விரலால் தேய்த்தார். "இது சுண்ணாம்பல்லே?"

"சிமெண்ட் பெயிண்டுன்னுதான சொன்னாரு? என்ற மாப்ள பொய் சொல்ற ஆளில்லீங்க. வாயே தொறக்க மாட்டாரு, அப்புறம் பொய் எங்கிருந்து வரும்?"

மகள் வருவதா இல்லையா என்பது அந்த வெள்ளையில்தான் இருந்தது. இன்னொரு முறை தவறானதை வாங்கிப்போக நாள் இல்லை.

"சுண்ணாம்புதானுங்க" என்றேன். "நாந்தான் மாத்திச் சொல்லீட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் அவர் முழுசாகத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைக்காரர் திட்டக்கூட இல்லை. "இந்த ஊரில் பாதி வீடு சுண்ணாம்புதானே சேட்டா, சொல்ல எந்தா நாணம்?" என்றார். இதற்காகவா ஒரு மழைக்காலத்தைத் தொலைத்தேன்!

சுண்ணாம்புமேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது, சிமெண்டு தெரியும்வரை சுரண்ட வேண்டும், வெடிப்புகளை அடைக்க வேண்டும், ரப்பர் கோட்டிங் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடுகிற சாதாரண வெளிச்சுவர் பெயிண்டே போதும் என்றார். அதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி மறுநாள் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம், பிரஷ்ஷைத் தொடக்கூடாது.

சுரண்டினோம், வெடிப்புகளை அடைத்தோம். மழை விட்ட நாளெல்லாம் மனைவியும் நானும் தலையெல்லாம் வெள்ளையாகி நின்றோம். ஆவணி முழுக்கத் தாள் வியர்த்தது. "ஏனுங்க, செவுத்துக்குக் காச்சலுங்களா? தெனமும் இப்படி வேக்குது!" என்று அவள் என்மேல் எரிந்து விழுந்தாள். புரட்டாசி வெயிலில் ஒருநாள் தாள் காய்ந்தபடி வந்தது. அன்றே ப்ரைமர், பிறகு மாம்பழ மஞ்சள் இரண்டு கை.

இரண்டு சாய்வு மழை தாண்டிய பிறகு சம்பந்தியம்மா வந்தார். உட்சுவரில் உள்ளங்கையை வைத்தார், முகர்ந்தார், குற்றம் தேடினார். "இதுக்கு முன்னால என்னங்க அடிச்சிருந்தீங்க?"

"சுண்ணாம்புங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அடுத்த வாரம் மகள் பையோடு வந்து இறங்கினாள். சுவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள். "ஏனப்பா, இந்தக் கலரு பஸ்ஸுல வாறப்பவே கண்ணக் குத்துது. வேற கலரே கெடைக்கலீங்களா?"

அவள் அம்மா என்னைக் கை காட்டினாள். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். அன்று மதியம் மகள் அந்த அறையில் தூங்கும்போது வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மூச்சு சீராக வந்தது, விசில் சத்தம் இல்லை.