மேல் மாதம், கீழ் மாதம்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருப்பது உங்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் லீவில் வந்திருந்தார். அந்த வருஷம் உத்திரமேரூர் ஏரியில் தண்ணீர் குறைவு. நம் கழனியோ கடைமடை. மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி முடித்தால்தான் நம் முறை. இருவரும் மண்வெட்டியோடு கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தோம்.

"எப்போணா ஒரேயடியா வந்துடுவ?" என்றேன். அவர் வந்த நாளாக அதைத்தான் கேட்க நினைத்துத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "எங்க மேஸ்திரி சீனாக்காரன்டா. அவன் பாஷையில போன மாசம் மேல் மாசமாம், வர்ற மாசம் கீழ் மாசமாம். ஆபீஸ்ல இருக்கற வெள்ளைக்காரன் அப்டி இல்ல. வர்ற நாளு அவனுக்கு எதிர்ல கீது. நேரா நடந்து போயி புடிச்சிடுவான்."

"சீனாக்காரனும் கடைமடையில பயிர் வெச்சவனா இருப்பான்ணா."

"இன்னாடா சொல்ற?"

"மேல் கழனியில பாஞ்சது முடிஞ்சி போச்சி. கீழ இருக்கறது இன்னும் காத்துக்கினு கீது. அதானே?"

"மேஸ்திரி கேட்டா உன்னத் தூக்கி வெச்சிக்குவான்" என்று சிரித்தார்.

"சரி, நீ வர்றது?"

"கீழ் மாசந்தான்." சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. என் பங்கு நனைந்தது. பாகம் பிரித்ததில் அவர் பங்கு எனக்கும் கீழே, நடுவில் ஒரு வரப்புதான். அங்கே போய்ச் சேருவதற்குள் கால்வாய் வற்றிவிட்டது. அவர் குனிந்து மடையில் கை வைத்துப் பார்த்தார். "ஈரம் கீதுடா, போதும் வா" என்றார்.

பிறகு அவர் வருவது குறைந்தது. அங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டார். அந்த வெள்ளைக்காரரைப் போல நானாவது அவரைத் தேடிக் கிளம்பிப் போயிருக்கலாம். எனக்கு அந்த நடை வரவில்லை. கரையில் நின்று பார்க்கத்தான் தெரிகிறது.

இப்போது இரண்டு பங்கையும் நான்தான் உழுகிறேன். "ஏர் திரும்ப எடமே இல்ல, இந்த வரப்பு ஒரு பேஜாரு. வெட்டிப் போடேன்" என்று உங்கள் அம்மா ஒவ்வொரு போகத்துக்கும் சொல்கிறாள். நான் அதற்கு மண் அணைத்துக்கொண்டே இருக்கிறேன். முறைத் தண்ணீர் வந்தால் முதலில் கீழ்ப் பங்குக்குத்தான் திறந்துவிடுகிறேன். அது நிரம்பிய பிறகுதான் என் பங்குக்கு மடையைத் திருப்புகிறேன்.