நாலு சக்கர வண்டி

பக்கவாதத்தில் கணவரின் வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போன பிறகு, பீளமேட்டு வீட்டில் நாங்கள் இருவரும் மகள் வளர்த்த லாப்ரடாரும் மட்டும்தான். மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். அவர் முனகினால் காதில் விழும் தூரத்தைத் தாண்டி நான் போவதில்லை. அதனால் நாயும் தெருவைப் பார்த்து ஏழெட்டு மாதமாகிவிட்டது. முதலில் செருப்புகளைக் கடித்தது. பிறகு தன் முன்காலையே நக்கிநக்கிப் புண்ணாக்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து பார்த்த கால்நடை மருத்துவர், “நோவு ஒண்ணுமில்லீங்க அம்மணி. அடைஞ்சே கெடக்குதில்லீங்க, அதான். சின்ன வண்டி ஏதாச்சும் இழுக்கப் பழக்குங்க. காம்பவுண்டுக்குள்ளயே போதுமுங்க” என்றார்.

அடைந்து கிடப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆன்லைனில் ஒரு இரண்டு சக்கர வண்டி வரவழைத்து, பூந்தொட்டியை ஏற்றிப் பூட்டினேன். பாரம் முன்னால் சாய்ந்து முதுகை அழுத்தியதும் நாய் மிரண்டது. கவிழ்ந்த வண்டியை இழுத்துக்கொண்டே உள்ளே ஓடி, அவர் கட்டிலருகே நின்று நடுங்கியது.

முப்பது வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் அவர். வண்டியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையில் நாலு விரலைக் காட்டினார்.

“ஏனுங்க, நாலு சக்கரமுங்களா?”

தலையசைத்தார். கையைத் தரைப்பக்கம் தாழ்த்தினார், உயரம் வேண்டாம். கழுத்தைத் தொட்டு, கூடாதென்று விரலை ஆட்டி, நெஞ்சைத் தட்டினார். வண்டியை இழுக்கும் வார் அங்கேதான் படவேண்டும். படுத்ததிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பினேன்.

அடுத்த தெரு வெல்டிங் பட்டறைக்காரரை வீட்டுக்கே அழைத்தேன். வந்தவர் டேப்பால் நாயை அளந்தார்.

“ஐயா சொல்றது சரிதானுங்க. நாலு சக்கரம்னா முதுகுல பாரம் ஏறாதுங்க.”

“எவ்வளவு ஏத்தலாமுங்க?”

“மொதல்ல வெறும் வண்டியே இழுக்கட்டுமுங்க.”

ஒரு வாரம் வெறும் வண்டி. பிறகு கொஞ்சம் தேங்காய் மட்டை. சுவரை ஒட்டி இருபத்திரண்டு தப்படி போய்த் திரும்பும். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நாயின் கால் புண் காய்ந்துவிட்டது.

ஒரு மாலை நாய் வண்டியோடு கேட் முன்னால் நின்று என்னைப் பார்த்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். உள்ளே அவர் இருமினார். வாரைப் பிடித்து, வண்டி சாயாமல் நாயை மெல்ல வீட்டுப் பக்கம் திருப்பினேன்.