ஊறுகாய் ஜாடியின் காஸ்ட்

இன்று காலை ஜாடியிலிருந்து கடுமாங்காய் ஊறுகாய் எடுத்துக்கொண்டிருந்தேன். கடுகு நெடி மூக்கில் ஏறும்போதுதான் மகள் ஃபோனிலிருந்து தலை தூக்கினாள். "அம்மா, காஸ்ட்டுக்கும் பிரைஸுக்கும் எந்தா வித்யாசம்? நாளைக்கு கிளாஸ் டெஸ்ட்."

கேட்க வேறு ஆளா இல்லை? அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்ததால் வேலையே போகப் பார்த்தவள் நான்.

பி.காம் முடித்த கையோடு, எர்ணாகுளத்துக்கு அக்கரையில் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் சேர்ந்தேன். அப்பாவுக்கு வேலை நின்றுபோயிருந்த சமயம், என் சம்பளத்தில்தான் வீட்டில் அரிசி. முதலாளி ஹம்சா இக்காவிடம் (இக்கா என்றால் அங்கே அண்ணன்) இங்கிலீஷில் வெளுத்துவாங்குவேன் என்று சொல்லியிருந்தேன். தெரு முழுக்கச் சுக்கு வாசனை. எதிர்க் கடை மிளகு வியாபாரிக்குக் குவாலிட்டியும் குவாண்டிட்டியும் ஒன்றுதான். "பெஸ்ட் குவாண்டிட்டி, மேடம்" என்று உள்ளங்கையளவு பொட்டலத்தை நீட்டுவார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். படித்த திமிர், வேறென்ன.

மூன்றாம் நாள் அது இறங்கியது. இக்கா சாயா குடிக்கப் போயிருந்தார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஊறுகாய் ஜாடி ஒன்றைத் தட்டிப் பார்த்து, "வாட் இஸ் தி காஸ்ட்?" என்றாள். காஸ்ட் என்றால் நாம் வாங்கியது, பிரைஸ் என்றால் விற்பது. பாடத்தில் அப்படித்தானே? காலையில்தான் கொள்முதல் நோட்டைப் பார்த்திருந்தேன். பளிச்சென்று, "ஒன் ஃபிஃப்டி" என்றேன். ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டிலோ ஆயிரத்து இருநூறு. அம்மாள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருநூறை வைத்து, "கீப் தி சேஞ்ச்" என்று ஜாடியோடு நடையைக் கட்டினாள்.

ஐம்பது ரூபாய் லாபம் என்று பெருமையாக நீட்டினேன். இக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எந்தா மோளே, இது கடையோ, உன் காலேஜோ?"

"அவங்க காஸ்ட்தானே கேட்டாங்க, இக்கா..."

"நாளெ நீ வரண்டா."

ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள், வரவேண்டாம் என்று அவர் சொன்ன மலையாளம் புரியாதவள் மாதிரி போய் நின்றேன். இக்கா கண்டுகொள்ளவில்லை. ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி இன்னொரு ஜாடிக்கு ஒரு மணி நேரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று இக்கா, "மோளே, சாருக்கு கோஸ்ட் சொல்லிக்கொடு" என்றார். அவர் வாயில் காஸ்ட் எப்போதும் கோஸ்ட்தான். பார்த்தால், அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒன்பது விரல் காட்டுகிறார்!

"நைன் ஹண்ட்ரட், சார்."

என் வீங்கிய முகத்தைப் பார்த்து அவர் ஆயிரம் கொடுத்ததோடு, ஸாரியும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அதுதான் என் உத்தியோகம். விரலைப் பார்ப்பேன், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன், காஸ்ட் சொல்வேன். இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையை அடைத்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு!

கல்யாணமாகி எர்ணாகுளம் கிளம்பும்போது எனக்கென்று ஒரு ஜாடி கேட்டேன். "உனக்கு கோஸ்டுக்கே தராம், மோளே. ஃபோர் ஹண்ட்ரட்." கண் கலங்கிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு போட்டில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஃபோர் ஹண்ட்ரடைச் சொன்னபோது இக்காவின் முகமும் பச்சைப்பிள்ளை மாதிரிதான் இருந்தது.

அடுத்த தடவை பார்க்கும்போது கேட்கலாம், கேட்கலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. கடை இருந்த இடத்தில் இப்போது காபிக் கடை. மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் சீட்டுக்கு ஃபோனைக் காட்டினால் விலை தெரியும், வாய் திறக்க வேண்டியதில்லை.

"சொல்லும்மா," என்றாள் மகள்.

"பிரைஸ்னா நாம கொடுக்கறது. காஸ்ட் என்னன்னு கடைக்காரருக்குத்தாண்டி தெரியும்," என்று ஜாடியை மூடினேன்.

அந்தக் கடைக்காரர்தான் இப்போது இல்லை.