முதல் சல்யூட்

மேஜர் காலையில் யூனிஃபார்ம் போட்டு முடித்ததும், அவர் மனைவி இரண்டடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பாள். பதக்கம் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்கத்தான். "எல்லாம் சரியா இருக்கு. இன்னிக்கு எந்தக் கடைக்குப் பொம்மையா நிக்கப் போறீங்க?" என்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த மனிதரிடம் உண்மையைப் பேசிய வாய் அது ஒன்றுதான்.

பதக்கம் சும்மா வந்ததில்லை. இளம் கேப்டனாக இருந்தபோது ஒரு மலைச்சரிவில் அவருடைய ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். மேலே பாறை இடுக்கிலிருந்து எதிரியின் இயந்திரத் துப்பாக்கி யாரையும் தலை தூக்க விடவில்லை. கேப்டன் தனியாக ஊர்ந்து போய் இடுக்குக்குள் குண்டை வீசிவிட்டு வந்தார். திரும்பும் வழியில் தொடையில் சுடப்பட்டு விழுந்தார். எல்லோரும் மீசை என்று கூப்பிடும் சார்ஜண்ட்தான் தன் பெல்ட்டைக் கழற்றி அந்தத் தொடையில் இறுக்கிக் கட்டி, அவரை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினார். கேப்டனுக்கு நாட்டிலேயே பெரிய பதக்கம் கிடைத்தது. மீசைக்குப் புது பெல்ட் கொடுத்தார்கள்.

அந்தப் பதக்கத்துக்கு ஒரு மரபு உண்டு. அதை நெஞ்சில் குத்தியிருப்பவருக்கு, எதிரே வருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், அவர்தான் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதிவைத்தானோ! கேட்டால் நமக்கே நெஞ்சு நிமிரும். ஆனால் தினமும் ஆபீசுக்கு வரும் கர்னலை நினைத்துப் பாருங்கள். மற்ற எல்லோரும் தனக்கு விறைத்து நிற்க, தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவனுக்கு, அத்தனை பேர் முன்னாலும் தான் முதலில் கையைத் தூக்க வேண்டும். முதல் வாரம் பெருமையாகத் தூக்குவார். அடுத்த வாரம் கை வலிக்கும். சீக்கிரமே பதக்கக்காரர் கைக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிடும்.

அப்படித்தான் நடந்தது. மருத்துவமனையிலிருந்து யூனிட்டுக்குத் திரும்பியவரை அங்கே ஒட்ட விடவில்லை. ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்குத் தள்ளினார்கள். பிறகு ராணுவ மியூசியம், அதற்குப் பிறகு அணிவகுப்புகளை ஏற்பாடு செய்யும் பிரிவு. போன இடமெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள், பிறகு மெதுவாக இறக்கி வைத்துவிடுவார்கள். மேஜர் பதவியோடு வண்டி நின்றுவிட்டது. "நீங்க நாட்டோட சொத்து. உங்களைச் சண்டைக்கு அனுப்பி ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்று தேன் ஒழுகச் சொல்வார்கள். இளம் அதிகாரிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஷோகேஸ் மேஜர். அது அவர் காதுக்கும் வந்தது.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். தன் பழைய யூனிட்டை ஒருமுறை தான் தலைமை ஏற்று நடத்த வேண்டும். மீசையும் அதற்காகத்தான் காத்திருந்தார். லீவில் போகும்போதெல்லாம் வழியில் இறங்கி, மேஜர் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு இதையே பேசுவார்.

"புதுசா வர்ற ஆபீசர்களுக்கு அந்தச் சரிவு தெரியல சார். மேப்பைப் பார்த்துட்டு ஏறுங்கறாங்க. நீங்க எப்ப வர்றீங்க?"

"வந்துடறேன். இந்தத் தடவை கண்டிப்பா."

"இதையே சொல்லிக்கிட்டிருங்க" என்று மனைவி காபி டம்ளரை நங்கென்று வைப்பாள். "அந்தச் சனியனை ஒரு நாள் கழட்டி வச்சிட்டுப் போய்ப் பாருங்களேன். யாரும் கையைத் தூக்க வேண்டாம், யாருக்கும் எரிச்சலும் இருக்காது."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யூனிட்டின் தலைமை காலியாகப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டியவர் ஜெனரல். அவரைப் பார்க்க ஒரு நாள் மேஜர் பதக்கத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார். வராந்தாவில் ஜெனரல் எதிரே வந்தார். சல்யூட்டுக்குப் பாதி தூக்கிய ஜெனரலின் கை, பதக்கத்தைக் காணாமல் அப்படியே நின்றது.

"பதக்கம் எங்க மேஜர்?"

"பாக்கெட்ல இருக்கு சார்."

"ஏன், என் சல்யூட் உங்களுக்கு வேணாமா?"

"அப்படியில்ல சார். தினமும் உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்..."

"சிரமமா? அப்ப நான் வேண்டாவெறுப்பா அடிக்கிறேன்னு சொல்றீங்க!"

உண்மையைச் சுட்டிக்காட்டியவனை எந்த ஜெனரல் மன்னித்திருக்கிறார்? நாட்டின் பதக்கத்தை அவமதித்தார் என்று ஒரு வரி அவருடைய பணிப் பதிவில் ஏறிவிட்டது. குத்தினாலும் குற்றம், கழற்றினாலும் குற்றம். யூனிட் அவருக்கு ஜூனியரான ஒருவர் கைக்குப் போனது. ஜெனரல் ஜோக் சொல்வதற்கு முன்பே சிரிக்கத் தெரிந்தவர் அந்த ஆள். மேஜர் அன்று வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். யோசனை சொன்ன குற்றத்துக்கு மனைவி சமையலறையில் தனியாக அழுதாள். அதற்குப் பிறகு அவள் அவரைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதே வருடம், கர்னலாகி யூனிட்டுக்கு வந்த அந்த ஜூனியர் ஒரு ரோந்துப் படையைப் பட்டப்பகலில் அந்தச் சரிவு வழியாக அனுப்பினார். மேப்பில் அதுதான் குறுக்கு வழி. மீசை வேண்டாம் என்றாராம். பயமாக இருந்தால் இங்கேயே உட்காருங்கள் என்றாராம் கர்னல். பயம் என்று சொன்ன பிறகு மீசை எப்படி உட்காருவார்? முதல் ஆளாக ஏறினார். பாறை இடுக்கிலிருந்து சுட்டதில் முதல் ஆளாக விழுந்தார்.

யூனிட் மைதானத்தில் கொடி போர்த்திய பெட்டி இருந்தது. தலைமையகம் அங்கேயும் மேஜரைப் பதக்கத்தோடு கொண்டுவந்து நிறுத்தியது, மரியாதைக்கு ஒரு ஷோகேஸ் வேண்டுமல்லவா. இத்தனை வருடத்தில் அந்த மைதானத்தில் அவர் கால் வைத்தது அன்றுதான். ஜெனரல் காரிலிருந்து இறங்கினார். பெட்டியைத் தாண்டி நேராக மேஜரிடம் வந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அதை முடித்துக்கொண்டுதான் பெட்டியின் பக்கம் திரும்பினார். மரபு அப்படி. பதிலுக்குக் கையைத் தூக்கிய மேஜருக்கு, அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

துக்கம் சொல்ல வரிசையாகப் போனார்கள். மீசையின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜர் குனிந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா சார் அது? அந்த இடுக்கு உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்னு சொல்வாரு. அவரு அங்க ஏறும்போது நீங்க எங்க சார் இருந்தீங்க?"

கோபமில்லை. தெரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"டவுன்ல ஒரு சோபாக் கடை திறப்பு விழாம்மா. ரிப்பன் வெட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். பின்னால் வரிசை காத்திருந்தது. மேஜர் அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்.