முகத்துக்கு முன் கால்

வில்லரே நகர்ப்பகுதியில் நான் வேலை செய்த சப்பாத்துத் திருத்தும் கடைக்கு, மெழுகு பூசிய நூல் வாங்க அந்த அம்மா வருவார். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மோஹாக் மக்களின் ஊர்க்காரர். யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார், முகம் பிறகுதான்.

ஒருநாள் பொலிஷ் வாங்க வந்த நோர்வேக்காரர் ஒருவர் தன் தோல் சப்பாத்தைக் காட்டிப் பெருமையடித்தார். உலகமே போடும், கயிறில்லாத லோஃபர் சப்பாத்துக்கு இதுதான் தாயாம். அவருடைய ஊர்த் தொழிலாளி ஒருவர்தான் முதலில் தைத்தாராம்.

"கழற்றுங்கள்" என்றார் அந்த அம்மா.

முதலாளி என் காதுக்குள், "தம்பி, கதையை மாத்து. சண்டை வரப்போகுது" என்றார்.

நோர்வேக்காரர் சிரித்தபடி ஒரு கையால் கழற்றி நீட்டினார். விரல்களுக்கு மேலே சுருக்கித் தைத்திருந்த தோலை அந்த அம்மா தடவினார்.

"உங்கள் ஆள் எங்கே தொழில் பழகினார்?"

"சின்ன வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து பழகினார்."

"எங்கள் ஆட்கள் காலங்காலமாகத் தைக்கும் மொக்கசின் தோல் சப்பாத்திலும் இதே சுருக்குத்தான். யாரிடம் பழகினார்?"

சிரிப்பு நின்றது. "அதை யாரும் எழுதி வைக்கவில்லை."

அந்த அம்மா சப்பாத்தைத் திருப்பி நீட்டினார். நோர்வேக்காரர் ஒற்றைக் காலில் தடுமாறியபடி அதை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

அப்போதுதான் அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார்.